நுனியைக் காட்டு

மரக்காணம் உப்பளத்தில் வேலை முடிந்து வீடு திரும்பும் பெண்கள் எல்லாரும் முதலில் காலைத்தான் கழுவுவார்கள். உப்பு தின்ற கால் அப்படி எரியும். சலேத்மேரி மட்டும் முதலில் முடியின் நுனியைக் கழுவுவாள். கால் எரிந்துகொண்டுதான் இருக்கும், எரியட்டும் என்று விட்டுவிடுவாள். காலை அவள் யாருக்கும் நேர்ந்துவிடவில்லை. முடியை நேர்ந்துவிட்டிருந்தாள், வேளாங்கண்ணி மாதாவுக்கு.

ஐம்பதை நெருங்கும் வயதில் இடுப்புக்குக் கீழே இறங்கும் முடி ஒருத்திக்கு இருப்பது பெரிய விஷயம். உப்பளத்தில் கூடை சுமப்பவளுக்கு இருப்பது அதைவிடப் பெரிய விஷயம். பாத்தியிலிருந்து வாரிய உப்பு ஈரத்தோடுதான் கூடைக்கு வரும். கூடை தலைக்கு ஏறியதும் அந்த ஈரம் சும்மாட்டை நனைத்து, பிடரியில் வழிந்து, கொண்டைக்குள் புகுந்து உட்கார்ந்துகொள்ளும். மேலே வெயில், பக்கத்தில் கடல்காற்று. வேலை முடிந்து கொண்டையை அவிழ்த்தால் நுனியெல்லாம் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும். கையில் பிடித்தால் தேங்காய் நாரைப் பிடித்த மாதிரி இருக்கும்.

அவளுடைய கணவன் அற்புதராஜ் இதே உப்பளத்தில் பலகை போட்டு உப்பு வாரியவன். மஞ்சள் காமாலையை வெயில் சூடு என்று சொல்லித் திரிந்தே போய்ச் சேர்ந்துவிட்டான். அப்போது மகள் லிடியா பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். அம்மா தலையில் இருக்கும் கூடை தன் தலைக்கு வரக்கூடாது என்பதில் அவள் தெளிவாக இருந்தாள். புதுச்சேரிக்குப் பஸ்ஸில் போய்வந்து பியூட்டிஷியன் கோர்ஸ் முடித்தாள். கோட்டக்குப்பத்து அம்மா ஒருவர் ஷார்ஜாவில் லேடீஸ் பார்லர் நடத்தினார். பெண்ணின் கை சுத்தமாக இருக்கிறது என்று சொல்லி லிடியாவை அங்கே கூட்டிக்கொண்டார். அவள் விமானம் ஏறியதைத் தெருவே பெருமையாகப் பேசியது. சலேத்மேரியும் சிரித்த முகத்தோடுதான் இருந்தாள், வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தும் வரைக்கும்.

போன புதிதில் லிடியாவிடமிருந்து ஒரு போன்கூட வரவில்லை. அந்த ஊரில் சிம் கார்டு வாங்க ஏதோ அடையாள அட்டை கைக்கு வரவேண்டும், அது தாமதமாகிவிட்டது. இது பிறகு தெரிந்த சேதி. அப்போது யாருக்குத் தெரியும்? வெளிநாடு போய்க் காணாமல்போன பெண்களைப் பற்றி அக்கம்பக்கத்தில் ஆளுக்கொரு கதை வைத்திருந்தார்கள், கேட்காமலே சொன்னார்கள். சலேத்மேரிக்குச் சோறு இறங்கவில்லை. ஒருநாள் வேலைக்குப் போகாமல் பங்குக் கோயிலுக்குப் போய், ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து மாதா சுரூபத்தின் முன்னால் முழங்கால் போட்டாள். என் பெண் நல்லபடியாகத் திரும்பி வந்து என் வாசலில் கால் வைக்கட்டும், இந்த முடியை வேளாங்கண்ணிக்குக் கொண்டுவந்து உன் காலடியில் போடுகிறேன் என்று நேர்ந்துகொண்டாள். கொடுப்பதற்கு அவளிடம் வேறு என்ன இருந்தது? அந்த வாரமே லிடியாவின் போன் வந்துவிட்டது.

நேர்ச்சை முடியில் கத்தரிக்கோல் படக்கூடாது. ஒரு விரற்கடை வெட்டினாலும் மாதாவின் பங்கில் கை வைத்த மாதிரி. அதுபோக, யாருக்காக நேர்ந்துகொண்டோமோ அவரிடம் அதைச் செலுத்தி முடிக்கும் வரை வாய் திறக்கக்கூடாது. எந்தச் சாமியாரும் பிரசங்கத்தில் இப்படிச் சொன்னதில்லை. சலேத்மேரியின் அம்மா சொல்லியிருந்தாள், அவளுக்கு அது போதும்.

உப்புக்கு நேர்ச்சையும் தெரியாது, ஒன்றும் தெரியாது. அதுபாட்டுக்கு முடியைத் தின்றது. நுனி இரண்டாக வெடித்தது, பிறகு மூன்றாக வெடித்தது, சீப்பு பட்டதும் ஒடிந்து விழுந்தது. இடுப்புக்குக் கீழே இருந்த முடி இடுப்புக்கு ஏறியது. வீட்டில் கூட்டிப் பெருக்கும்போது துடைப்பத்தில் சிக்கும் துண்டு முடிகளைப் பார்த்து அவளுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. இப்படியே போனால் பெண் திரும்பி வருவதற்குள் மாதாவுக்குக் கொடுக்க என்ன மிஞ்சும்?

நேர்ச்சை விஷயத்தைச் சலேத்மேரி சொல்லியிருந்தது முத்தம்மாள் ஒருத்தியிடம்தான். உப்பளத்தில் சலேத்மேரிக்கு முன்னால் கூடை சுமந்து நடப்பவள், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதவள்.

"மாதாவுக்கு முடி குடுக்கப் போறியா, தொடப்பம் குடுக்கப் போறியா?" என்று ஒருநாள் கேட்டாள். வரப்பில் நின்ற எல்லாரும் சிரித்தார்கள். சலேத்மேரியும் சிரித்துவைத்தாள். அன்று மாலை ஒரு பாட்டில் தேங்காயெண்ணெய் வாங்கி உச்சந்தலையில் ஊற்றிக்கொண்டாள். நெற்றியில் வழிந்து, காதோரம் வழிந்து, தலையணை பாழானதுதான் மிச்சம். நுனிக்கு ஒரு சொட்டும் போய்ச்சேரவில்லை.

லிடியாவுக்குத் திங்கட்கிழமைதான் விடுமுறை. அன்றைக்குச் சாயங்காலம் வீடியோ காலில் வருவாள். சாப்பிட்டியா என்று அவள் கேட்பாள், சாப்பிட்டேன் என்று இவள் சொல்வாள். நீ சாப்பிட்டியா என்று இவள் கேட்பாள், ஆச்சு என்று அவள் சொல்வாள். அங்கே வெயிலா, இங்கே மழையா. அதற்குமேல் இரண்டு பேருக்கும் பேச்சு ஓடாது. ஒரே வீட்டில் இருந்தபோது பேசாமலே இருந்து பழகிவிட்டவர்கள், திடீரென்று கண்ணாடிச் சில்லு அளவு முகத்தைப் பார்த்து என்ன பேசிவிட முடியும்? "சரிம்மா, வெக்கிறேன்" என்ற சொல் வந்துவிடும். போனை வைத்த பிறகு அந்த வீட்டில் கேட்கும் சத்தம் பானையில் தண்ணீர் சொட்டும் சத்தம் ஒன்றுதான்.

ஒரு திங்கட்கிழமை சலேத்மேரி எதற்கோ குனிந்தபோது பின்னல் முன்னால் வந்து விழுந்தது.

"அம்மா, இரு. நுனியக் காட்டு," என்றாள் லிடியா.

சலேத்மேரி பின்னல் நுனியை போனுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். லிடியா பார்லரில் வாடிக்கையாளரைப் பார்க்கிற மாதிரி கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். வெடித்ததை வெட்டினால்தான் மேலே ஏறாது, ஒரு விரற்கடை வெட்டிவிடு என்றாள். சலேத்மேரி முடியாது என்றாள். ஏன் என்றதற்குப் பிடிக்கவில்லை என்றாள். அவளுடைய பிடிவாதம் மகளுக்குத் தெரியும். சரி, என்ன தடவுகிறாய், எப்படித் தடவுகிறாய் என்று விசாரித்தாள். வேலையிலிருந்து வந்ததும் எண்ணெய் தடவுகிறேன் என்று சலேத்மேரி சொன்னதைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"உப்பு மேலயே எண்ணெய தடவினா அது கருவாடும்மா. மொதல்ல நல்ல தண்ணில உப்பு போக அலசு. ஈரம் இருக்கும்போதே நுனில மட்டும் தடவு. ஈரத்த உள்ள வெச்சு மூடறதுக்குத்தான் எண்ணெ. காஞ்ச முடில மூடறதுக்கு என்னா இருக்குது?"

சலேத்மேரி குபீரென்று சிரித்துவிட்டாள். வருஷம் முழுக்க அவள் கருவாடுதான் போட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். லிடியாவும் சிரித்தாள். அம்மாவும் மகளும் சேர்ந்து சிரித்து எவ்வளவு காலமாயிற்று என்பது போனை வைத்த பிறகுதான் சலேத்மேரிக்கு உறைத்தது.

அன்றிலிருந்து குடிக்கப் பிடித்த தண்ணீரில் ஒரு செம்பு முடிக்கு என்று ஒதுங்கியது. அவள் தெருவில் போர் தண்ணீர் உவர்ப்பு. நல்ல தண்ணீர் குழாயில் ஒன்றுவிட்டு ஒருநாள் வரும். குடத்துக்குக் குடம் சண்டை நடக்கும் இடத்தில் முடிக்கு ஒரு செம்பு என்றால் பைத்தியக்காரி என்பார்கள். அவள் யாரிடமும் சொல்லவில்லை. கொண்டையை அவிழ்த்து, நுனியைச் செம்புக்குள் முக்கி, உப்பு கரையும் வரை அலசுவாள். அற்புதராஜின் பழைய வேட்டித் துணியில் தேய்க்காமல் ஒற்றி எடுப்பாள். தேங்காயெண்ணெயில் இரண்டு சொட்டு விளக்கெண்ணெய் கலந்து உள்ளங்கையில் சூடு பறக்கத் தேய்த்து, பின்னலின் கடைசி ஒரு சாண் அளவுக்கு மட்டும் பூசுவாள். கீழே சிக்கெடுத்துவிட்டுத்தான் மேலே சீப்பு போகும். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய்வந்து நுனியை நல்லெண்ணெயில் ஊறவைத்துக் குளிப்பாள். இவ்வளவும் மகள் சொன்னது. ஒன்றுவிடாமல் செய்தாள், ஞானோபதேசம் படித்த பிள்ளை மாதிரி.

திங்கட்கிழமை வந்தால் லிடியாவின் முதல் கேள்வியே நுனியக் காட்டு என்பதுதான். சாப்பிட்டியா எல்லாம் அதற்குப் பிறகு. வெளிச்சத்துக்கு வா, திருப்பு, அந்தப் பக்கம் இன்னும் சிவப்பாக இருக்கிறது, விளக்கெண்ணெய் குறை என்று அவள் சொல்லச் சொல்லப் பேச்சு நீளும். நடுவில் பார்லரில் சண்டை போட்ட வாடிக்கையாளர் கதை வரும், இவள் பக்கத்திலிருந்து முத்தம்மாளின் மருமகள் கதை போகும். எல்லாக் கதையும் முடி நுனியைப் பிடித்துக்கொண்டுதான் வந்தது. வாரத்தின் மற்ற நாளெல்லாம் சலேத்மேரி அந்த ஒருநாளுக்காகத்தான் எண்ணெய் தடவினாள் என்று சொன்னால் மாதா கோபித்துக்கொள்ள மாட்டாள் என்று நினைக்கிறேன்.

மழைக்காலம்தான் கொடுமை. உப்பளம் தண்ணீரில் கிடக்கும், வேலை இருக்காது. வேலை இருந்தால் வரப்பில் நாலு பேர் முகமாவது பார்க்கலாம். மழையில் ஒவ்வொருத்தியும் தன் வீட்டுக்குள் பிள்ளை குட்டியோடு அடைந்துகொள்வார்கள். சலேத்மேரி அடைந்துகொண்டால் அவள் மட்டும்தான் இருப்பாள். உப்பே படாத நாளிலும் நுனியை அலசினாள், எண்ணெய் வைத்தாள், பின்னலை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வெட்கத்தைவிட்டுச் சொன்னால், சில நாள் அதோடு பேசவும் செய்தாள்.

வருஷங்கள் போய், ஒரு டிசம்பரில் லிடியா வந்தேவிட்டாள். கிறிஸ்துமஸுக்கு லீவு கிடைத்திருந்தது. மழையில் நனைந்தபடி வண்டியிலிருந்து இறங்கி வாசலில் கால் வைத்தபோது சலேத்மேரி மகளின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் அந்தக் காலைத்தான் பார்த்தாள். மாதா தன் வாக்கைக் காப்பாற்றிவிட்டாள். இனி இவள் காப்பாற்ற வேண்டும்.

லிடியா கொஞ்சம் இளைத்திருந்தாள். போனில் எப்போதும் பார்த்த மாதிரியே முடியை இறுக்கிக் கிளிப் போட்டு அதன்மேல் ஒரு துணி கட்டியிருந்தாள். அங்கே அதுதான் வழக்கம் போலிருக்கிறது என்று சலேத்மேரி நினைத்துக்கொண்டாள். மறுநாளே தேங்காயெண்ணெயைச் சூடாக்கிக் கிண்ணத்தில் எடுத்து வந்து, வா தலைக்கு வைக்கிறேன் என்று மகளைக் கூப்பிட்டாள். எத்தனை திங்கட்கிழமை அந்தக் கிண்ணத்தை மனசுக்குள் சூடாக்கியிருப்பாள்.

"வேணாம்மா. ட்ரீட்மென்ட் பண்ணியிருக்கேன், எண்ணெ படக்கூடாது," என்று லிடியா நகர்ந்துவிட்டாள்.

கிண்ணம் அடுப்படியிலேயே ஆறியது. படித்த வேலை, பெரிய இடத்து முடி, நம் எண்ணெய் எதற்கு என்று சலேத்மேரி தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். ஆனாலும் மனசு கேட்கவில்லை. லிடியா பாதி நேரம் போனில் இருந்தாள், மீதி நேரம் தோழிகளைப் பார்க்கப் புதுச்சேரிக்குப் போனாள். பண்டிகை முடிந்தது. பெட்டி கட்டும் நாள் நெருங்கியது. பக்கத்தில் இருக்கும் மகளைவிட போனுக்குள் இருந்த மகள்தான் அதிகம் பேசினாள் என்று சலேத்மேரிக்குத் தோன்றியது. அப்படித் தோன்றியதற்காகவே அழுகை வந்தது.

கிளம்புவதற்கு முந்தின நாள் மதியம் மழை பிடித்துக்கொண்டது. வெளியே போக முடியாது. லிடியாவாகவே வந்து, "உக்காரும்மா, நேர்ல பாக்கறேன்" என்றாள்.

சலேத்மேரி தரையில் உட்கார்ந்தாள். மகள் பின்னலை அவிழ்த்தாள். வெந்நீரில் அலசி, ஒற்றி எடுத்து, எண்ணெயைக் கையில் தேய்த்து, நுனியிலிருந்து மெல்ல மெல்ல மேலே வந்தாள். விரல்கள் பிடரியில் பட்டன. அற்புதராஜ் போன பிறகு சலேத்மேரியை யாரும் தொட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசையில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும்போதுகூட எல்லாரும் தூரத்திலிருந்து கும்பிடுவதோடு சரி. மனிதக் கை இத்தனை சூடாக இருக்கும் என்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். கண்ணீர் வந்தது, துடைக்கவில்லை. துடைத்தால் தலை அசையும்.

"ரொம்ப நல்லா வந்திருக்கும்மா. நான் சொன்ன மாதிரியே பண்ணியிருக்க," என்றது பின்னாலிருந்து குரல். பிறகு பை திறக்கும் சத்தம், தரையில் செய்தித்தாள் விரிக்கும் சத்தம். பிறகு, காதுக்குப் பக்கத்தில் இல்லை, முதுகுக்குக் கீழே, கத்தரிக்கோலின் சத்தம்.

ஒரு வார்த்தை சொன்னால் போதும். லிடியா உடனே நிறுத்தியிருப்பாள், ஏன் என்று கேட்டிருப்பாள், கோபித்துக்கொண்டு எழுந்து போயிருப்பாள். தலையில் இருந்த கையும் போயிருக்கும். சலேத்மேரி வாயைத் திறக்கவில்லை. மாதாவின் பங்கு துண்டு துண்டாகச் செய்தித்தாளில் விழுந்துகொண்டிருந்தது. அவள் மகளின் விரல்களுக்குக் கீழே அசையாமல் உட்கார்ந்திருந்தாள். இன்னும் கொஞ்சம் வெட்டினால்கூடப் பரவாயில்லை என்றுதான் அந்த நேரத்தில் அவளுக்கு இருந்தது.

மறுநாள் லிடியா போய்விட்டாள். வண்டி ஈசிஆர் ரோட்டில் ஏறி மறையும் வரை நின்றுவிட்டு வந்து, சலேத்மேரி குப்பைக்கூடையிலிருந்து அந்தச் செய்தித்தாளை எடுத்தாள். நல்லவேளை, லிடியா அதை அப்படியே மடித்துப் போட்டிருந்தாள். உள்ளே எண்ணெய் மினுங்கும் நுனிகள். அப்போதுதான் பயம் மெதுவாக ஏறியது. நேர்ச்சை முடியில் கத்தரிக்கோல் பட்டாயிற்று. பட்டது மட்டுமில்லை, படட்டும் என்று விட்டிருக்கிறாள். மாதா இவளை ஒன்றும் செய்ய மாட்டாள், இவளிடம் எடுக்க என்ன இருக்கிறது? எடுத்தால் அங்கே விமானத்தில் போகிறவளிடம்தான் எடுப்பாள்.

உடனே போய்ச் செலுத்திவிட வேண்டியதுதானே? அங்கேதான் அவளுக்குக் கால் வரவில்லை. முடி போனால் திங்கட்கிழமை போய்விடும். நுனி இல்லாவிட்டால் மகள் எதைக் காட்டச் சொல்வாள்? சாப்பிட்டியா, சாப்பிட்டேன், வெக்கிறேன். பழையபடி அவ்வளவுதான். நேர்ந்துகொண்டபோது அவளிடம் இருந்தது வெறும் முடி. இப்போது கொடுக்கவேண்டியது அது இல்லை. மாதாவிடம் இதைப் பேரம் பேச முடியுமா?

முத்தம்மாள் வீட்டுக்கே வந்துவிட்டாள். "பொண்ணு வந்துட்டுப் போயிட்டா. நீ இன்னும் கொண்டையோட குந்திகினு இருக்க. சாமி காசு வாங்காத கடைக்காரன்னு நெனச்சியா?" என்றாள். கிண்டலாகத்தான் சொன்னாள். சலேத்மேரியின் முகத்தைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தி, துணைக்கு நானும் வரட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பொங்கலுக்கு முன்னால் சலேத்மேரி தனியாகவே புதுச்சேரிக்குப் போய் வேளாங்கண்ணி பஸ் ஏறினாள். செய்தித்தாள் பொட்டலம் இடுப்பில் செருகியிருந்தது.

மொட்டை போடும் இடத்தில் கூட்டம் இல்லை. வயதான ஒரு ஆள் பின்னலைக் கையில் பிடித்துத் தூக்கிப் பார்த்தார். நுனியை விரலால் தடவினார்.

"இந்த வயசுல இந்த முடியாம்மா? நுனிகூட வெடிக்கலியே. யார் பாத்துக்கறது?"

"என் பொண்ணு," என்றாள் சலேத்மேரி.

கத்தி உச்சியிலிருந்து இறங்கியது. தலை குளிர்ந்தது. பின்னல் முழுசாக மடியில் விழுந்தபோது அது அவ்வளவு கனமாக இருக்கும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. பொட்டலத்தைப் பிரித்து, அதில் இருந்ததையும் பின்னலோடு சேர்த்துப் போட்டாள். அந்த ஆள் என்ன என்று கேட்கவில்லை. மாதா முன்னால் போய் நின்று, அவள் வெட்டும்போது நான் வாய் திறக்காமல் இருந்தது உண்மைதான், ஏன் என்று உனக்குத் தெரியும், நீயும் பெற்றவள்தானே என்று சொன்னாள். வேறு ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் அதற்கும் ஏதாவது நேர வேண்டியிருக்கும், இனி அவளிடம் ஒன்றும் இல்லை.

வீட்டில் சாயங்காலமானால் கை தானாக முதுகுப்பக்கம் போனது. செம்புத் தண்ணீரைத் தன்னையறியாமல் ஒதுக்கி வைத்துவிட்டு, பிறகு எடுத்துக் குடித்தாள். அந்தத் திங்கட்கிழமை கேமரா கெட்டுப்போய்விட்டது என்று பொய் சொல்லிக் குரலில் மட்டும் பேசினாள். அவள் பயந்த மாதிரியேதான் ஆயிற்று. சாப்பிட்டியா, சாப்பிட்டேன். கடையில் கொடுத்துச் சரி பண்ணு என்றாள் லிடியா. அடுத்த திங்கட்கிழமையும் அதே. அதற்கடுத்த திங்கட்கிழமை லிடியா, "சரிம்மா, ஒனக்கு டைம் இருந்தா நீயே கூப்புடு" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. களைப்பாகச் சொன்னாள். கோபமாகச் சொல்லியிருந்தால் சலேத்மேரி தாங்கியிருப்பாள்.

உப்பளத்தில் வேலை தொடங்கிவிட்டது. மொட்டைத் தலையில் சும்மாடு சரியாக உட்காரவில்லை, உப்புத் தண்ணீர் நேராகத் தோலில் இறங்கி எரிந்தது. மறுபடியும் திங்கட்கிழமை வந்தது. சலேத்மேரி வீட்டுக்கு வந்து காலைக் கழுவினாள். முந்தானையைத் தலையில் முக்காடாகப் போட்டுக்கொண்டு, போனை அரிசி டின் மேல் சாய்த்து வைத்து, தானாகவே வீடியோ காலில் கூப்பிட்டாள். முடி இல்லாமல் மகள் தன்னோடு பேசுவாளா மாட்டாளா என்று இன்றைக்குத் தெரிந்துவிடட்டும்.

லிடியா கட்டிலுக்கு மேல் கட்டில் போட்ட ஓர் அறையில் கீழ்க்கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். தலையில் அதே துணி. முகம் மலர்ந்து, "கேமரா சரியாய்டிச்சா? நுனியக் காட்டு" என்றாள்.

சலேத்மேரி முக்காட்டை எடுத்தாள்.

லிடியாவின் முகம் அப்படியே நின்றது. படம் நின்றுபோய்விட்டதோ என்று சலேத்மேரி போனைத் தட்டிப் பார்த்தாள். நிற்கவில்லை, மகளின் உதடு நடுங்கிக்கொண்டிருந்தது.

"வேளாங்கண்ணிக்கா?"

"ஆமா."

"யாருக்கும்மா நேந்துகின?"

"நீ திரும்பி வரணும்னு. வந்தல்ல."

"அப்ப நான் வெட்டினது?" லிடியா வாயைப் பொத்திக்கொண்டாள். "ஏம்மா சொல்லல?"

"சொன்னா கைய எடுத்துடுவ," என்றாள் சலேத்மேரி. சொல்லக்கூடாது என்று இத்தனை நாள் அடக்கியிருந்தது அவ்வளவு சுலபமாக வந்துவிட்டது.

லிடியா அழுதாள். பெரிய பெண்ணாகிய பிறகு அவள் அழுது சலேத்மேரி பார்த்ததில்லை, அப்பன் செத்தபோதுகூடப் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றவள். தலையைக் குனிந்து அழுததில் கட்டியிருந்த துணி நழுவியது. அவசரமாக அதை இழுத்துக்கொண்டாள். அந்த அவசரத்தைச் சலேத்மேரி பார்த்துவிட்டாள். டிசம்பர் முழுக்க அந்தத் துணி வீட்டுக்குள்ளேயும் ஏன் அவிழவில்லை, சூடான எண்ணெய் ஏன் வேண்டாம் என்றாயிற்று என்பதெல்லாம் ஒரே நேரத்தில் அவளுக்குப் புரிந்தது.

"உன் நுனியக் காட்டு," என்றாள்.

"வேணாம்மா."

"காட்டு, லிடியா."

லிடியா துணியை எடுத்தாள், கிளிப்பை எடுத்தாள். தோளைக்கூடத் தொடாத முடி. உப்பளத்தில் கூடை சுமக்கும் எந்தப் பெண்ணுடையதும் அவ்வளவு மோசமாக இருந்ததில்லை. நுனி செம்பட்டையாகி, ஒன்று நீளமாக, ஒன்று குட்டையாக ஒடிந்திருந்தது. காதுக்கு மேலே தோல் தெரிந்தது.

"இங்க கொழா தண்ணி எனக்கு ஒத்துக்கல. வந்த கொஞ்ச நாள்லயே போக ஆரம்பிச்சிடுச்சு. ஒன் முடியப் பாத்துனு இருந்தா கொஞ்சம் நல்லா இருக்கும்," என்றாள் லிடியா. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "நாள் பூரா எல்லார் தலையிலயும் கை வெக்கிறேம்மா. என் தலைல வெக்கத்தான் யாரும் இல்ல."

இத்தனை வருஷமும் திங்கட்கிழமைக்காகத் தான் ஒருத்திதான் காத்திருந்தோம் என்று சலேத்மேரி நினைத்துக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கத்தில் ஒருத்தி அதே மாதிரி, அதே முடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறாள். கையை நீட்டினால் எட்டுகிற தூரமா அது?

மூக்கைச் சிந்திப் போட்டுவிட்டுப் போனுக்குப் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"குடிக்கிற தண்ணி கேன்ல வருதா?"

"வருது."

"அதுல ஒரு சொம்பு எடு. நுனிய மட்டும் முக்கி அலசு. எண்ணெ இருக்குதா?"

"இருக்குது. நீ குடுத்தனுப்பினதுதான், பிரிக்கவே இல்ல."

"எடுத்துனு வா. நான் பாத்துனு இருக்கேன்."

லிடியா எழுந்து போனாள். போனில் காலிக் கட்டில் மட்டும் தெரிந்தது. சலேத்மேரி காத்திருந்தாள். கொஞ்ச நேரத்தில் மகள் ஒரு பிளாஸ்டிக் கிண்ணத்தோடு வந்து உட்கார்ந்து, அம்மா சொன்னபடி அலசி, துண்டில் ஒற்றி எடுத்து, எண்ணெயை உள்ளங்கையில் ஊற்றினாள். அவளையறியாமல் கை உச்சந்தலைக்குப் போனது.

"மேல இல்ல," என்றாள் சலேத்மேரி. "கீழ. நுனிக்கு."